கேள்வி பதில்: மழையும் கடலோரப் பாதையும்

சென்ற இதழில், ஓய்வு நாளை எப்படிக் கழிப்பீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். மழை விடாமல் பெய்த ஒரு நாளில் கடலோரப் பாதை ஒன்றில் 12 கிலோமீட்டர் நடக்கப் புறப்பட்டு, கடைசி 3 கிலோமீட்டரை நடக்காமலேயே திரும்பி வந்தேன் என்று பதில் எழுதியிருந்தேன். போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்த நடைக்கே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: மழை நாளில் கடலும் சாம்பல் நிறம், வானமும் சாம்பல் நிறம். இரண்டுக்கும் நடுவே நனைந்துகொண்டு நடந்ததில் அப்படி என்னதான் பார்த்தீர்கள்?

தூரத்தில் ஒன்றையும் பார்க்கவில்லை என்பது உண்மை. தொடுவானம் காலையிலேயே மறைந்துவிட்டது. ஆனால் தொலைவு மறைந்தால் கண் பக்கத்தில் இருப்பதை மேயத் தொடங்கும். மழை நாளில் பக்கத்தில் இருப்பவைதான் மெருகேறி நிற்கின்றன. பாறைகளின்மேல் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும் கற்பாசிகளைப் பாருங்கள். வெயிலில் அவை காய்ந்த சுண்ணாம்பைப் போல வெளிறிக் கிடக்கும். நனைந்ததும் அவற்றின் மேல்தோல் ஒளி ஊடுருவும்படி ஆகிவிடுவதால், உள்ளே பூஞ்சையோடு கூடி வாழும் பச்சைப் பாசியின் நிறம் வெளியே தெரிகிறது. சற்று முன் செத்ததுபோல் இருந்த பாறை சில நிமிடங்களில் பச்சை பூசிக்கொள்வதை நான் நின்று பார்த்தேன். அப்படி நின்ற நேரத்துக்குப் பிறகு விலை கொடுக்க நேர்ந்தது. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

இன்னொன்று, கடலின் அமைதி. பெருமழை கடலை அமர்த்தும் என்று மாலுமிகள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை, 1870களில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் அறிஞர் ஆராய்ந்தார். நீரில் விழும் ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சுழல்வளையத்தை உண்டாக்கிக் கீழே அனுப்புகிறது. அவ்வளையங்கள் மேல்நீரையும் அடிநீரையும் கலக்கிவிடுவதால், மேற்பரப்பில் ஓடும் சிற்றலைகள் வலுவிழக்கின்றன என்பது அவர் தந்த விளக்கம். எங்கோ தொலைவில் பிறந்து வரும் நெடிய அலைகளை இது ஒன்றும் செய்வதில்லை. அதனால் கனத்த மழையின்போது கடலின் தோல் தேய்த்த ஈயத் தகடுபோல் வழவழப்பாகவும், அதன் உடல் வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கும். வெயில் நாளில் இந்தக் காட்சி கிடைக்காது.

நீருக்கு அடியில் மழை எப்படிக் கேட்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவுள்ள தூறல் துளி நீரில் விழும்போது, ஒரு நுண்குமிழியைச் சிறைப்பிடித்துக்கொண்டு உள்ளே போகிறது. அக்குமிழி 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் மணிபோல் ஒலிக்கிறது. இந்த ஒலியைக் கேட்டே நடுக்கடலில் மழை பெய்கிறதா, எவ்வளவு பெய்கிறது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கரையில் நடக்கிற நமக்கு அது கேட்காது என்பதுதான் குறை.

கேள்வி: மழை தொடங்கியதும் கடலோரத்தின் வாசனை மாறிவிடுகிறதே, ஏன்?

இரண்டு வாசனைகள் ஒன்றன்மேல் ஒன்று வருவதால். நாம் கடல் வாசனை என்று சொல்வதில் பெரும்பங்கு, கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களிலிருந்தும் பாசிகளிலிருந்தும் பிறக்கும் டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மத்தினுடையது. மழை தொடங்கியதும் நிலத்திலிருந்து மண்வாசனை எழுகிறது. அதற்கு முதன்மையான காரணம், மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியாஸ்மின். காய்ந்த பாறையும் மண்ணும் நனையும்போது எழும் இந்த மணத்துக்கு 1964ஆம் ஆண்டில் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். மண்வாசனை என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால் நமக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. அடைமழையில் இரண்டு வாசனைகளுமே அடங்கிவிடும். முதல் கால் மணி நேரத்தில் முகர்ந்தால்தான் உண்டு.

கேள்வி: குடை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிறார் என் கணவர். மழைக்கோட்டு வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்வதே சரி. ஆனாலும் உங்கள் கணவர் குடையை எடுத்து வரட்டும். அது வேறொன்றுக்குப் பயன்படும்.

மழைக்குத் தமிழில் பல சொற்கள் உண்டு. அவற்றுள் கடலோரப் பாதைக்குப் பொருந்துவது சாரல் ஒன்றுதான். அங்கே மழை மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டில் வருகிறது. செங்குத்துக் கரையில் காற்று மோதி மேலேறும் இடங்களில் கீழிருந்துகூட வரும். தலைக்கு மேல் பிடிக்கும் குடை அங்கே எதைத் தடுக்கப் போகிறது?

ஆனால் குடை ஒரு நல்ல அளவுகோல். கடற்படை அதிகாரி பிரான்சிஸ் பியூஃபோர்ட் 1805ஆம் ஆண்டில் காற்றின் வலிமையைப் படிகளாக வகுத்தார். கப்பலின் பாய்களை வைத்து அவர் வகுத்த அந்த அளவைக்கு, நிலத்தில் காணும் அடையாளங்களைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். அதன்படி குடையைப் பிடிப்பது கடினமாக இருந்தால் அது 6ஆம் படி, அதாவது மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர் வேகம். காற்றை எதிர்த்து நடப்பதே சிரமமாகிவிட்டால் 7ஆம் படி. சிறு கிளைகள் முறிந்து விழுந்தால் 8. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதையும், சமதரையில் வீசும் காற்று கரையின் உச்சியை ஏறிக் கடக்கும்போது மேலும் வேகம் பெறுகிறது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரின் குடை உள்வெளியாகத் திரும்பிக்கொள்கிற இடத்தில், விளிம்பை ஒட்டிய பாதையை விட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

மழைக்கோட்டு விஷயத்தில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. 1823ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மெக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு இடையே ரப்பரைப் பூசி, நீர் புகாத துணிக்குக் காப்புரிமை பெற்றார். வெளிநீர் உள்ளே வரவில்லை. உள்ளிருந்த வியர்வையும் வெளியே போகவில்லை. 1969இல் ராபர்ட் கோர் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து நீட்டி, நீராவி வெளியேறும், நீர்த்துளி நுழையாத நுண்துளைப் படலம் ஒன்றைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தச் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. எந்தக் கோட்டை அணிந்தாலும் உள்ளே பருத்தி உடுத்தாதீர்கள். நனைந்த பருத்தி உலராமல் உடலோடு ஒட்டிக்கொள்ளும். காற்றைக் காட்டிலும் நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்லும். மாற்றுச்சட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். திரும்பியதும் காலணிகளை நல்ல நீரில் அலசுங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், அலசாத காலணி சீக்கிரத்தில் காயாது.

கேள்வி: புல்தரையில்தானே நடக்கிறோம்? வழுக்கினாலும் அடி படாதே. மழையில் கடலோரப் பாதை ஆபத்தானது என்பது மிகைப்படுத்தல் என்று எனக்குப் படுகிறது.

உங்களுக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் புறப்படும்போது நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

இப்பாதைகள் ஏன் விளிம்பை ஒட்டிப் போகின்றன என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையைச் சுற்றி 1,014 கிலோமீட்டர் நீளும் பாதை, கடத்தல்காரர்களைத் தேடிக் கடலோரக் காவலர்கள் ரோந்து போன தடங்களிலிருந்து வளர்ந்தது. ஒவ்வொரு சிறு குடாவுக்குள்ளும் அவர்கள் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் தடம் விளிம்பை விட்டு விலகவே இல்லை. ஒவ்வொரு குடாவுக்கும் இறங்கி மறுபடி ஏறுவதால், அந்தப் பாதை முழுவதையும் நடப்பவர் மொத்தத்தில் ஏறும் உயரம் சுமார் 35,000 மீட்டர். மலையே இல்லாத இடத்தில் எவரெஸ்டின் உயரத்தைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. காவலர்கள் சம்பளத்துக்கு நடந்தார்கள். நாம் அந்தத் தடத்தில் பொழுதுபோக்குக்கு நடக்கிறோம்.

அந்த விளிம்பை மழை என்ன செய்கிறது? மண்ணின் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கரை நிற்கிறது. நீர் இறங்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன: கரையின் எடை கூடுகிறது, துகள்களுக்கிடையே நிறையும் நீரின் அழுத்தம் அவற்றை விலக்கிப் பிடியைத் தளர்த்துகிறது. நீர் ஆழத்துக்கு இறங்க நேரம் எடுத்துக்கொள்வதால், மழை பெய்யும் நாளில் நின்ற கரை, வானம் வெளுத்த சில நாள்கள் கழித்துச் சரிவதும் உண்டு. ஆகவே நேற்று மழை பெய்தது, இன்று வெயில், இனிப் பயமில்லை என்ற கணக்கு கரைக்குப் பொருந்தாது.

மேலே நிற்பவருக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. கரையின் அடிப்பகுதியை அலைகள் குடைந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் நிற்கும் புல்திட்டுக்குக் கீழே பாறை இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்பதை மேலிருந்து சொல்ல முடியாது. விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசலைப் புல்லில் கண்டால் அதைத் தாண்டிக் காலை வைக்காதீர்கள். பழைய தடத்தை அடைத்துப் புதிய வேலி உள்ளே போடப்பட்டிருந்தால், வேலி போட்டவருக்குக் காரணம் தெரியும். விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நடப்பது என்பதற்கு என் சொந்த அளவு, என் உயரத்தைப் போல் மூன்று மடங்கு. காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசினால் இன்னும் அதிகம். கரையின் அடியில், மணலில் நடப்பதையோ அமர்ந்து இளைப்பாறுவதையோ மழைக்குப் பிறகு அறவே தவிர்க்கிறேன்.

நீங்கள் கேட்ட புல்லுக்கு வருகிறேன். சமதரையில் வழுக்கி விழுந்தால் அடி படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடலை நோக்கிச் சரியும் குட்டைப் புல்லில் வழுக்கினால், விழுந்த இடத்தில் நிற்க மாட்டீர்கள். ஈரப் புல்லும் ஈரக் கோட்டும் சேர்ந்தால் பிடி கிடைப்பதே அரிது. ஏற்றத்தில் பெரும்பாலும் யாரும் விழுவதில்லை, இறக்கத்தில்தான் விழுகிறோம். குதிகாலை ஊன்றி நீண்ட எட்டு வைப்பதை விட்டு, முழங்காலைச் சற்று மடக்கி, முழுப் பாதத்தையும் பதித்துச் சிறு எட்டாக வைத்தால் பாதி ஆபத்து போய்விடும். கரையோரப் பாறைகளில் பச்சைப் பாசியைக் கண்டு எல்லோரும் ஒதுங்குவார்கள். ஆனால் அலை எட்டும் எல்லையில் பாறைமேல் தார் பூசியதுபோல் கருப்பாக ஒரு பட்டை ஓடும். அதுவும் உயிருள்ள படலம்தான், நனைந்தால் பனிக்கட்டியைப் போல் வழுக்கும். அதை வெறும் கருங்கல் என்று நம்பி நான் காலை வைத்தேன். முழங்கையில் தழும்பு இருக்கிறது.

கேள்வி: மழையில் ஓடினால் குறைவாக நனைவோமா, நடந்தாலா?

ஓடினால், குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும்வரை தலையிலும் தோளிலும் விழும் நீர் குறையும். ஆனால் கடலோரப் பாதையில் ஓடாதீர்கள். முந்தைய பதிலை மீண்டும் படியுங்கள்.

கேள்வி: கடற்பறவைகள் மழையில் என்ன செய்கின்றன?

கடற்காக்கைகள் காற்றை எதிர்நோக்கி அமர்ந்துவிடும். எல்லாம் ஒரே திசையைப் பார்த்து வரிசையாக அமர்ந்திருப்பதைக் கண்டால் காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். முகத்தில் வாங்கினால் இறகுகள் படிந்து கிடக்கும். முதுகில் வாங்கினால் கலைந்து நீர் உள்ளே போகும். முதுகுப் பக்கத்தில் வால் தொடங்கும் இடத்தில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகுகளில் பூசிக்கொள்வதும், இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கிபோட்டு நெருக்கமாகப் பின்னியிருப்பதும் நீரைத் தடுக்கின்றன. நீர்க்காகத்தின் கதை வேறு. அதன் இறகுகளின் வெளிப்பகுதி எளிதில் நனையும். அதனால் உடல் மிதப்பது குறைந்து, முங்கி மீன் பிடிக்க வசதியாகிறது. பிறகு பாறைமேல் சிறகை விரித்துக்கொண்டு உலர்த்த வேண்டியிருக்கிறது. மழைக்கு இடையே கிடைத்த பத்து நிமிட ஓய்வில் அப்படி ஒன்று சிறகை விரித்தது. மறுபடி தூறத் தொடங்கியதும் அது மடித்துக்கொண்ட வேகத்தில் ஒரு சலிப்பு தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. அது என் சலிப்பாகவும் இருக்கலாம்.

கேள்வி: இடி இடித்தால்?

நடையை முடித்துக்கொள்ளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் மின்னியது என்று தெரியும். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு அங்கேயே நிற்கக் கூடாது. இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறீர்கள். கரையின் உச்சியிலும் திறந்த மணலிலும் உயர்ந்து நிற்பது நீங்கள் மட்டுமே. தனி மரத்தடியும் பாறைப் பொந்தும் ஒதுங்கத் தகுந்த இடங்கள் அல்ல. கட்டடத்துக்குள்ளோ, கூரை மூடிய காருக்குள்ளோ போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடங்கள் காத்திருங்கள்.

கேள்வி: 9 கிலோமீட்டர் நடந்தவர் மீதி 3 கிலோமீட்டரை நடக்காமல், வந்த வழியே 9 கிலோமீட்டர் திரும்பி நடந்தீர்களா? கணக்கு இடிக்கிறதே!

கணக்குதான் என்னைத் திருப்பி அனுப்பியது. முழுவதையும் சொல்கிறேன்.

மலை நடைக்கு நேரம் கணக்கிட 1892இல் வில்லியம் நைஸ்மித் ஒரு விதி வகுத்தார். அதை மெட்ரிக் அளவில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். ஒன்பதாவது கிலோமீட்டரில் பாதை ஒரு குடாவுக்குள் இறங்கி, ஓர் ஓடையைக் கற்கள்மேல் தாண்டி, ஒரு பாறைமுனையைச் சுற்றி மணல்வழியே போகிறது. அந்த இடம்வரை ஏற்றம் மொத்தம் 450 மீட்டர். விதிப்படி இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காலை 9 மணிக்குப் புறப்பட்டால் 11.35க்கு அங்கே இருப்பேன். அன்று கடல் முழுவதுமாக வற்றும் நேரம் 9.40. கடல் மறுபடி ஏறத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும், தாராளமாகக் கடந்துவிடலாம் என்று திட்டமிட்டிருந்தேன்.

விதி வகுத்தவர் நல்ல தரையையும் நல்ல பருவத்தையும் மனத்தில் கொண்டிருந்தார். இறக்கங்களில் சிறு எட்டு வைத்ததிலும், கற்பாசி நிறம் மாறுவதைப் பார்த்து நின்றதிலும், முழங்கையைத் துடைத்துக்கொண்டதிலும் நேரம் போய், நான் குடாவுக்கு வந்தபோது மணி ஒன்று.

அந்த ஒன்றரை மணி நேரத் தாமதம் சாதாரணமானது அல்ல. நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் கடல், சீரான வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்று ஏறும் எனத் தோராயமாகக் கொள்வது கடலோடிகளின் வழக்கம். 11.35க்கு நீர் கால்பங்குதான் ஏறியிருக்கும். ஒரு மணிக்கோ பாதிக்கு மேல் ஏறியிருந்ததோடு, மிக விரைவாக ஏறும் நான்காம் மணி நேரத்தில் இருந்தது. மொத்த ஏற்றம் 6 மீட்டர் உள்ள கரையில், நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் 3 மீட்டர் நீர் ஏறிவிடும். நான் நடந்த நாளுக்கு முந்தைய நாள் அமாவாசை. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுக்கும் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டித்தான் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும்.

கடல் ஏறி இறங்கும் நேரங்களைத் தரும் ஓத அட்டவணை இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அது எடுத்துக்கொள்ளாதது வானிலை. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் உயர்கிறது. மழையைக் கொண்டுவரும் தாழ்வழுத்தம் இயல்பைவிட 30 ஹெக்டோபாஸ்கல் குறைவாக இருந்தால், அட்டவணை சொல்வதைவிட நீர் 30 சென்டிமீட்டர் மேலே நிற்கும். கரையை நோக்கி வீசும் காற்று இன்னும் கொஞ்சத்தைக் குவிக்கும். அதாவது மழை நாளில் அட்டவணை குறைத்தே சொல்கிறது.

ஓடையின் நிலையும் அப்படித்தான். காலையிலிருந்து பெய்த மழை மேட்டு நிலத்திலிருந்து அதன்வழியே இறங்கிக்கொண்டிருந்தது. ஏறிவரும் கடல் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. தாண்டுவதற்குப் போட்டிருந்த கற்களில் இரண்டைத்தான் பார்த்தேன், மற்றவை கலங்கல் நீருக்குள் இருந்தன. முழங்கால் அளவே ஆழம் என்றாலும், விரைந்து ஓடும் நீர் ஆளைச் சாய்த்துவிடும். தாண்டியிருந்தாலும் பாறைமுனையின் மறுபக்கத்தில் மேலேற வழியில்லை. கடல் மறுபடி இறங்கும்வரை காத்திருக்கலாம் என்றால், 3.50க்கு ஏற்றம் முடிந்து, மணல் வெளிப்பட ஆறரை ஆகிவிடும். அதற்குள் இருட்டிவிடும். நிச்சயமற்ற 3 கிலோமீட்டரைவிட, ஒவ்வொரு இறக்கமும் கால்களுக்குத் தெரிந்த 9 கிலோமீட்டர் எனக்குக் குறைவாகத் தோன்றியது.

ஏறி முதல் மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது மணி இரண்டு ஆகியிருக்கவில்லை. நான் நடக்க நினைத்த மணலின்மேல் பழுப்பு நுரை பாறையின் அடியைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. கற்கள் எந்த இடத்தில் இருந்தன என்று தேடிப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. ஐந்து மணிக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். பையைத் திறந்தபோது பிளாஸ்டிக்கில் சுற்றிய மாற்றுச்சட்டை மட்டும் உலர்ந்திருந்தது. சட்டைப்பையில் வைத்திருந்த ஓத அட்டவணைத் தாள் கூழாகிவிட்டது. அடுத்த முறை அதையும் சட்டையோடு சேர்த்துச் சுற்ற வேண்டும்.